கொத்தமல்லி ஏன் வரவில்லை? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

காய்கறி வாங்கினால் கறிவேப்பிலையோடு ஒரு பிடி கொத்தமல்லியும் கொசுறாக வந்துவிடும். அதனாலேயே அதை வளர்ப்பது ஒரு பெரிய காரியமாக யாருக்கும் தோன்றுவதில்லை. அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற மல்லியை அள்ளித் தொட்டியில் தூவினால் போதும் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். அப்புறம் பார்த்தால் தக்காளியும் கத்தரியும் காய்த்துக் குலுங்குகிற மாடியில் கொத்தமல்லி மட்டும் வராது. திருச்சி வெயிலில் 8 வருடமாக இதை வளர்த்து வருகிறேன். வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கும் கேரட் சாலட்டுக்கும் பச்சையாகக் கிள்ளிப் போட, மருந்து படாத மல்லித்தழை வீட்டில் வேண்டும் என்பதுதான் காரணம். இந்த 8 வருடத்தில் நான் பார்த்த கோளாறுகளையும், எதைப் பார்த்து எதைக் கண்டுபிடிக்கலாம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். எந்தக் கோளாறாக இருந்தாலும் சரி, உரம் ஊற்றுவதற்கு முன், மருந்து தெளிப்பதற்கு முன், ஒரே ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். கேரட், சீரகம், சோம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. நலமாக இருந்தால் வேர் ஒரு மெலிந்த கேரட் மாதிரி வெள்ளையாக, நேராக இறங்கியிருக்கும். கசக்கி முகர்ந்தால் இலையைவிட வேரில் வாசனை தூக்கலாக வரும். வேர் பழுப்பாக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா, பாதியில் அழுகி நிற்கிறதா என்று பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். இலையை மட்டும் பார்த்து வைத்தியம் செய்வதால்தான் பலருக்குத் தொட்டி தொட்டியாகப் போகிறது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தழைக்காக வளர்க்கும் கொத்தமல்லிக்கு 30 முதல் 45 நாள்தான் ஆயுள். ஒரு கோளாறு தெரியவரும்போதே அதில் பாதி முடிந்திருக்கும். ஆகவே சில கோளாறுகளை இந்தத் தொட்டியில் சரிசெய்ய முடியாது, அடுத்த தொட்டியில்தான் சரிசெய்ய முடியும். எது அப்படிப்பட்டது என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

விதைத்து 10 நாள் ஆகியும் முளை வரவில்லை

அவசரப்பட்டு மண்ணைக் கிளறாதீர்கள். சிறுகீரையும் அரைக்கீரையும் 3, 4 நாளில் பச்சை காட்டிவிடும். அந்தப் பழக்கத்தில் கொத்தமல்லியையும் எதிர்பார்க்கிறோம். இதற்கு 8 முதல் 15 நாள் வரை ஆகும். ஐந்தாம் நாள் தோண்டிப் பார்த்து முளை முறிந்து போனதுதான் பல தொட்டிகளின் கதை.

15 நாளும் தாண்டிவிட்டது என்றால், ஒரு விதையைத் தோண்டி எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். அது முழு உருண்டையாக, கெட்டியாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகவில்லை. நாம் விதை என்று சொல்வது உண்மையில் ஒரு காய்ந்த கனி. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று இரண்டாகப் பிளக்கும். உட்புறம் குழிந்த இரண்டு சின்னக் கிண்ணங்களை வாயோடு வாய் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். அந்த ஒவ்வொரு பாதியும் ஒரு தனி விதை. உடைக்காமல் போட்டாலும் முளைக்கும், ஆனால் தாமதமாக, முன்னும் பின்னுமாக முளைக்கும். ஒரே இடத்தில் இரண்டு செடி வந்து வேர் பின்னிக்கொள்வதும் உண்டு. ஒரு துணியில் மல்லியைப் பரப்பி, சப்பாத்திக் கட்டையை லேசாக உருட்டினால் போதும். உரலில் இடிக்கவோ மிக்ஸியில் ஒரு சுற்று விடவோ வேண்டாம், உள்ளே இருக்கும் முளை நசுங்கிவிடும். உடைத்ததை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வடித்துக் கொஞ்சம் நிழலில் உலர்த்தி விதைக்கலாம்.

தோண்டி எடுத்த விதை பிளந்துதான் இருக்கிறது, ஆனால் விரலில் அழுத்தினால் மாவாகப் போகிறதா? அது பழைய விதை, அல்லது ஈரம் அதிகமாகி அழுகியது. மளிகைக் கடை மல்லி சமையலுக்காக வைத்திருப்பது, அது எத்தனை வருடம் மூட்டையில் கிடந்தது என்று நமக்குத் தெரியாது. ஆகவே விதைக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். உடைத்த பாதிகள் 20 எண்ணி எடுத்து, ஈரத்துணியில் சுருட்டி, ஒரு டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொண்டால் 10 நாளுக்குள் வெள்ளையாக முனை தெரியும். 12க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. 8க்குக் கீழே என்றால் வேறு விதை வாங்குங்கள், அந்த மல்லி ரசப்பொடிக்கு ஆகட்டும்.

விதை நல்லதாக இருந்தும் வரவில்லை என்றால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். மண் 30 டிகிரிக்கு மேல் சூடானால் முளைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பங்குனி, சித்திரையில் மொட்டை மாடித் தளத்தில் நேராக வைத்த கறுப்புத் தொட்டிக்குள் மதியம் 2 மணிக்கு விரலை விட்டுப் பாருங்கள், நமக்கே பொறுக்காது. முளைக்கும்வரை கொத்தமல்லிக்கு வெளிச்சம் தேவையில்லை. தொட்டியைப் படிக்கட்டுக்குக் கீழேயோ வராந்தாவிலோ வைத்து, ஈரச் சாக்கால் மூடிவிடுங்கள். முதல் முளை தலைகாட்டிய அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தள்ளிப்போனாலும் வெளுத்து நீண்டுவிடும். விதைக்கும் ஆழம் அரை அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம்.

இன்னும் ஒரு தவறு நடக்கிறது. கொத்தமல்லியின் முதல் இரண்டு இலையும் கொத்தமல்லி மாதிரியே இருக்காது. ஓரத்தில் வெட்டு எதுவும் இல்லாமல், நீளமாக, நாக்கு மாதிரி இருக்கும். புல் முளைத்துவிட்டது என்று அதைப் பிடுங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அடுத்து வரும் இலைதான் விசிறி மாதிரி வட்டமாக, ஓரம் வெட்டுப்பட்டு வரும். அதுவரை களை எடுக்காதீர்கள்.

முளைத்தது, ஆனால் சாய்ந்து விழுகிறது

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. சாய்ந்த நாற்றின் கழுத்தை, அதாவது மண்ணோடு ஒட்டிய இடத்தைப் பாருங்கள்.

கழுத்து பச்சையாக, உறுதியாக இருந்து, தண்டு மட்டும் நூல் மாதிரி நீண்டிருந்தால் வெளிச்சம் போதவில்லை. பால்கனியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதும் இதனால்தான். காலை வெயில் 4 மணி நேரமாவது படும் இடத்துக்கு மாற்றி, தண்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் அணைத்துவிட்டால் நிமிர்ந்துவிடும்.

கழுத்து நசுங்கின மாதிரி ஒடுங்கி, பழுப்பாக, தண்ணீர் கோத்து இருந்தால் அது நாற்றழுகல். பூஞ்சை வகைகளால் வருவது. ஒரு மூலையில் ஆரம்பித்து வட்டமாகப் பரவும். நெருக்கமாக விதைத்து, மாலையில் தண்ணீர் ஊற்றி, ராத்திரி முழுக்க மண் சதசதவென்று இருந்தால் நிச்சயம் வரும். விழுந்த நாற்று எழுந்திருக்காது. விழுந்ததையும் அதைச் சுற்றி ஓர் அங்குலத்தில் இருப்பதையும் மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு, மேல் மண் வெளுக்கும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். மிச்சம் பிழைக்கும். அடுத்த முறை விதைக்கும்போது டிரைக்கோடெர்மா விரிடியை, அதாவது நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சைத் தூளை, விதையோடு கலந்துகொள்ளுங்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது பரிந்துரை, நம் தொட்டிக்கு ஒரு சிட்டிகை போதும். ஒரு டீஸ்பூன் எடுத்து மண்புழு உரத்தோடு பிசைந்து மேல் மண்ணில் தூவினாலும் நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதோடு இன்னொரு தொல்லையும் சேரும். பெரிய துளி விழுந்து இளநாற்று மண்ணோடு படுத்துவிடும். இது நோய் அல்ல. மழை மாதங்களில் முதல் 3 வாரம் தொட்டி தாழ்வாரத்தில் இருக்கட்டும்.

இலை மஞ்சளாகிறது

மஞ்சள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். எந்த இலை, எந்த இடத்தில் மஞ்சள் என்பதுதான் கேள்வி.

அடி இலைகள் மட்டும் மஞ்சளாகி, மேல் இலைகள் வெளிர்பச்சையாக இருந்தால் பசி, அதாவது தழைச்சத்து போதவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் வெள்ளையாக, நன்றாகவே இருக்கும். 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் 2 நாள் ஊறவைத்து, தெளிந்த கரைசலைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வேரில் மட்டும் ஊற்றுங்கள். ஒரு வாரத்தில் புது இலை கரும்பச்சையாக வரும்.

செடி முழுக்க மஞ்சளாகி, மண் ஈரமாக இருந்தும் வாடி நிற்கிறதா? தண்ணீர் அதிகம். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம், இன்னும் வாடும். போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“தம்பி, தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன், புண்ணாக்கும் விட்டேன். என்னதான் வேணும் இதுக்கு?”

“இருங்க அக்கா, ஒண்ணைப் பிடுங்கிப் பார்ப்போம்.”

வேர் மூன்று அங்குலம் நேராக வந்து, அங்கிருந்து டீ நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. முகர்ந்தால் மல்லி வாசனை இல்லை, சாக்கடை வாடை. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் இருந்த ஒரே ஓட்டையையும் வீட்டுத் தளத்தின் சிமெண்ட் அடைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டியைக் காப்பாற்ற முடியவில்லை, தேறின தழையைப் பறித்துத் துவையல் அரைத்தார். அடுத்த தொட்டியில் நான்கு ஓட்டை போட்டு, இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைத்தோம். வேறு எதையும் மாற்றவில்லை. நன்றாக வந்தது.

இளம் இலையில் நரம்பு பச்சையாக, நடுப்பகுதி மட்டும் மஞ்சளாக இருந்தால் இரும்புச்சத்து செடிக்கு எட்டவில்லை. மண்ணில் காரத்தன்மை ஏறிப்போனால் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்துத் தெளிக்கச் சொல்வார்கள். பழச்செடிக்குச் சரி, 40 நாளில் வெட்டிப் பச்சையாகச் சாப்பிடப்போகிற தழைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. அடுத்த முறை மண் கலவையில் மட்கிய உரத்தைக் கூட்டுங்கள்.

இலையின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகினால் அது உப்பு. நகரத்து மாடிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். தொட்டி மண்ணின் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் உப்பு சேர்ந்துகொண்டே போகும். அதைவிடக் கெடுதல், ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுவது. வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் குடிநீரிலிருந்து நீக்கின உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் கூடுதலாக இருக்கிறது. அது வீட்டைத் துடைக்கட்டும், கழிவறைக்குப் போகட்டும், கொத்தமல்லிக்கு வேண்டாம். கோகோபீட் கட்டியும் ஒரு காரணம். கழுவாத தென்னை நார்த்தூளில் உப்பு நிறைய இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை அலசின பிறகே மண்ணோடு கலக்க வேண்டும். ஏற்கெனவே உப்பு ஏறின தொட்டியில், மழைத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ கிடைத்தால் அடி ஓட்டை வழியாக நன்றாக ஒழுகும்படி ஒரே தடவையாக நிறைய ஊற்றுங்கள். உப்பு கரைந்து வெளியேறும்.

தழைக்கும் முன்பே பூத்துவிட்டது

அதிகம் பேர் கேட்பது இதுதான். நாலு இலை பறிப்பதற்குள் நடுத்தண்டு விர்ரென்று உயர்ந்து, குடை மாதிரி வெள்ளைப் பூ. பூ வந்த பிறகுதான் பலரும் கவனிக்கிறார்கள், ஆனால் ஒரு வாரம் முன்பே செடி சொல்லிவிடும். புதிதாக வரும் இலை விசிறி மாதிரி இல்லாமல், சோம்புச் செடி இலை மாதிரி நூல் நூலாகப் பிரிந்து வரும். அதைப் பார்த்த அன்றே முடிவு செய்ய வேண்டும். பெரிய இலைகளை எல்லாம் அன்றைக்கே பறித்துவிடுங்கள், அதற்குப் பின் தழை சிறுத்து, வாசனையும் கரகரப்பாக மாறிவிடும். பூந்தண்டைக் கிள்ளினால் சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பூக்க முடிவெடுத்த செடியைத் தழைக்குத் திருப்ப முடியாது. எந்த உரமும் அதைச் செய்யாது.

ஏன் இப்படி? முதல் காரணம் சூடு. கொத்தமல்லி குளிர்ந்த காலத்துச் செடி. பகல் வெயில் 30 டிகிரியைத் தாண்டினால், இனி காலம் இல்லை, விதை வைத்துவிட்டுப் போவோம் என்று அவசரப்படும். நமக்குச் சந்தைக்கு வரும் நல்ல தழை ஓசூர், கோலார்ப் பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து வருவதற்கும், கோடையில் கொசுறு மல்லி கட்டு விலைக்கு மாறுவதற்கும் இதுதான் காரணம். சமவெளியில் ஐப்பசியிலிருந்து மாசி வரை விதைத்தால் தழை தாராளமாக வரும். பங்குனிக்கு மேல் விதைத்தால் நிழல்வலைக்கு அடியில், காலை வெயில் மட்டும் படும்படி வைத்து, 25, 30 நாளில் சின்னச் செடியாகவே வேரோடு பிடுங்கிப் பயன்படுத்திவிட வேண்டும். அதற்குமேல் காத்திருந்து பயனில்லை.

இரண்டாவது, விதை. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் மானாவாரியாக மல்லி விதைப்பது தழைக்காக அல்ல, விதைக்காக. சீக்கிரம் பூத்து, நிறையக் காய்ப்பதுதான் அங்கே நல்ல ரகம். மளிகைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் இப்படி விதைக்காகவே விளைந்த மல்லி. அதைத் தொட்டியில் போட்டால் தன் குணப்படி சீக்கிரம் பூக்கிறது, செடியின் மேல் தப்பில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகம் தழைக்கும் விதைக்கும் இரண்டுக்குமே ஏற்றது. தழைக்கென்றே, தாமதமாகப் பூக்கும் ரகங்களும் விதைக் கடைகளில் கிடைக்கின்றன. கோடையில் முயல்கிறவர்கள் கட்டாயம் அப்படிப்பட்ட விதையைத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது காரணம் வேர், இதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒரு செடியைப் பிடுங்குங்கள். வேர் நேராக இறங்காமல் ‘ட’ மாதிரி திரும்பியிருந்தால் நாற்றைப் பிடுங்கி நட்டிருக்கிறீர்கள், அல்லது தொட்டி ஆழமில்லை. ஆணிவேர் உள்ள செடி இது, இடம் மாற்றினால் தாங்காது. ஐஸ்கிரீம் டப்பாவில் முளைக்க வைத்துப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது மிளகாய்க்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. குறைந்தது 6, முடிந்தால் 8 அங்குல ஆழத் தொட்டியில் நேரடியாக விதைத்துவிடுங்கள். ஒரு நாள் தண்ணீர் மறந்து வாட விட்டு, மறுநாள் குளிப்பாட்டுவதும் செடியைப் பூக்கத் துரத்தும். ஊருக்குப் போவதென்றால் தொட்டியை நிழலுக்கு மாற்றிவிட்டுப் போங்கள்.

ஒரே தொட்டியை நம்பியிருப்பதுதான் இதில் பெரிய ஏமாற்றத்தைத் தருகிறது. நான் 15 நாளுக்கு ஒரு தொட்டி என்று விதைக்கிறேன். அமாவாசைக்கு ஒன்று, பௌர்ணமிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஒன்று பூக்கும்போது அடுத்தது பறிக்கத் தயாராக இருக்கும்.

சித்திரை, வைகாசியிலும் தழை வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. கேரளத்தில் ஆப்பிரிக்கன் மல்லி என்று ஒரு செடி வைத்திருப்பார்கள். ஓரத்தில் முள் மாதிரி பல் வைத்த நீள இலை, தரையோடு ஒட்டி வட்டமாகப் படர்ந்திருக்கும். பெயர்தான் ஆப்பிரிக்கன், சொந்த ஊர் அமெரிக்காவின் வெப்ப மண்டலம். கொத்தமல்லி வாசனையேதான், இன்னும் அழுத்தமாக இருக்கும். வெக்கையைத் தாங்கும், நிழல் கேட்கும். பச்சையாகப் போட இலை கொஞ்சம் தடிப்பு, பொடிப்பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள்.

இலையில் பிசுபிசுப்பு, சுருட்டல், எறும்பு வரிசை

இலையைத் திருப்பிப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ ஊசிமுனை அளவு பூச்சிகள் அப்பியிருந்தால் அசுவினி. அது சுரக்கும் இனிப்புக்காகத்தான் எறும்பு ஏறுகிறது. எறும்பைக் கொன்று பயனில்லை. முதல் வேலை, குழாய்த் தண்ணீரை விரலால் அழுத்திப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கம் அடிப்பது. 3 நாள் தொடர்ந்து காலையில் செய்தால் பெரும்பாலும் போய்விடும். போகவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் இறங்கின பிறகு தெளியுங்கள். அப்புறம் ஒரு வாரம் பறிக்கக் கூடாது, கசக்கும். பறிக்கிற பருவம் நெருங்கிவிட்டதென்றால் தெளிக்காமல், மோசமான தண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அறுவடை செய்வதே புத்திசாலித்தனம். புள்ளி வைத்த பொறிவண்டு தெரிந்தால் எதையும் தெளிக்காதீர்கள், அசுவினியைத் தின்ன வந்த விருந்தாளி அது.

இலையில் திருநீறு பூசின மாதிரி வெள்ளை

சாம்பல் நோய். மார்கழி, தை மாதத்தில் பனியும் காற்றோட்டமில்லாத நெருக்கமும் சேர்ந்தால் வரும். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். வந்த இலையைக் கிள்ளிப் போட்டு, செடிகளுக்கு நடுவில் இடைவெளி விட்டு, புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வாரம் ஒரு முறை காலையில் தெளியுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் அடங்கும். பாதித் தொட்டி வெளுத்த பிறகு மோர் உதவாது, பிடுங்கிவிடுங்கள். வயலில் கந்தகத்தூள் தெளிப்பார்கள், பச்சையாகச் சாப்பிடும் வீட்டுத் தழைக்கு நான் தெளிப்பதில்லை.

செழிப்பாக இருக்கிறது, வாசனை இல்லை

தழைச்சத்தும் தண்ணீரும் அளவுக்கு மிஞ்சினால், வெயில் குறைந்தால் இப்படி ஆகும். புண்ணாக்குக் கரைசலை நிறுத்தி, காலை வெயிலைக் கூட்டுங்கள், ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

ஆனால் செடியில் வாசனை இருந்து தட்டில் மட்டும் இல்லையென்றால் கோளாறு அடுப்பங்கரையில். தழையின் வாசனைக்குக் காரணம் ஆல்டிஹைடு என்ற எளிதில் ஆவியாகும் பொருள்கள். சூடு பட்டால் பறந்துவிடும். முதிர்ந்த விதையின் வாசனையோ லினலூல் என்ற வேறொரு பொருளால் வருவது, அதனால்தான் தழையும் தனியாவும் ஒரே செடியில் பிறந்தும் இரண்டு வாசனை. சாலட்டிலோ பச்சடியிலோ பரிமாறும் நிமிடத்தில் கையால் கிள்ளிப் போடுங்கள். முன்கூட்டியே நறுக்கி எலுமிச்சைச் சாற்றில் ஊறவிட்டால் இலை கறுத்து, வாசனையும் அடங்கிவிடும்.

வீட்டில் ஒருவர் மட்டும் ‘சோப்பு மாதிரி இருக்கிறது’ என்று ஒதுக்கிவைத்தால் செடியைக் குறை சொல்லாதீர்கள், அவரையும் கண்டிக்காதீர்கள். அந்த ஆல்டிஹைடுகளை முகரும் உணர்வில் பிறவியிலேயே சிலருக்கு வேறுபாடு உண்டு. வாசனை அறியும் மரபணு ஒன்றோடு இதற்குத் தொடர்பிருப்பதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர் பங்குக்குப் புதினா போடுங்கள்.

ஒரு முறை வெட்டினேன், மறுபடி தழைக்கவில்லை

எங்கே வெட்டினீர்கள் என்று பாருங்கள். பொன்னாங்கண்ணியையும் புதினாவையும் எங்கே வெட்டினாலும் துளிர்க்கும். கொத்தமல்லிக்குத் துளிர் எல்லாம் தரையோடு ஒட்டிய நடுக்குருத்தில் இருக்கிறது. கட்டாகப் பிடித்து அடியோடு அறுத்தால் குருத்தும் போய்விடும். வெளிவட்டத்து முதிர்ந்த தண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக அடியில் கிள்ளி, நடுவில் இருக்கும் சின்ன இலைகளை விட்டுவிடுங்கள். இப்படி 2, 3 பறிப்பு கிடைக்கும். புதினா மாதிரி வருடக்கணக்கில் இதிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

பறித்த தழை மறுநாளே அழுகுகிறது

கழுவி வைத்ததால். கழுவாமல், வேரை நீக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, டப்பாவில் வைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். பயன்படுத்தும் முன்புதான் கழுவ வேண்டும்.

கழுவுவதைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இதைப் பச்சையாகச் சாப்பிடப் போகிறோம். மாடித் தோட்டக்காரர்கள் பலரும் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், சாணக் கரைசல் என்று இலை மேலேயே தெளிக்கிறார்கள். சமைக்கும் காய்க்குத் தெளியுங்கள், பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிக்கு வேண்டாம். சாணத்தில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம். மண்ணில் படும் விளைபொருளாக இருந்தால் மட்காத சாணம் இட்டு 120 நாள் கழித்தே அறுவடை என்று அமெரிக்க இயற்கை வேளாண் விதியே சொல்கிறது. நம் செடியின் ஆயுளே 45 நாள். ஆகவே முழுதாக மட்கிய உரம், அதுவும் விதைப்பதற்கு முன் மண்ணில் கலப்பது மட்டும் போதும். பறித்ததை அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அலசுங்கள். தழையை மேலே தூக்கி எடுத்தபின் அடியில் மண் படிந்திருக்கும். மண் தெரியாதவரை தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். குழாயில் நேராகக் காட்டினால் கணுவில் இருக்கும் மண் போகாது.

பூத்த தொட்டியை என்ன செய்வது

பிடுங்க வேண்டாம். பூவையும் சாலட்டில் தூவலாம். தேனீயும், அசுவினியைத் தின்னும் பூச்சிகளும் அந்தக் குடைப்பூவைத் தேடி வரும், பக்கத்தில் இருக்கும் கத்தரிக்கும் அது நல்லது. பூ உதிர்ந்து பச்சைக் காய் பிடித்ததும் சிலதைப் பறித்து மென்று பாருங்கள், தழையும் தனியாவும் கலந்த ஒரு வாசனை. கடையில் எங்கும் கிடைக்காது. தயிர்ப் பச்சடியில் நசுக்கிப் போட்டால் அவ்வளவு நன்றாக இருக்கும்.

மிச்சத்தைச் செடியிலேயே விட்டு, காய் பழுப்பாக மாறத் தொடங்கியதும் காலையில் தண்டோடு அறுத்து, காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். 10 நாளில் தானாக உதிரும். இருக்கிற செடிகளில் கடைசியாகப் பூத்தது எதுவோ அதிலிருந்து மட்டும் விதைக்கு எடுங்கள், முந்திப் பூத்ததன் விதை ரசத்துக்குப் போகட்டும். டப்பாவின் மேல் மாதத்தை எழுதி ஒட்டி, வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டால், புரட்டாசி கடைசியில் எடுத்து உடைத்து ஊறவைக்கலாம்.